தவளை அறுக்கலாம், மீன் அறுக்கக்கூடாது

கோபம் ஆறட்டும் என்று மூன்று வாரம் பொறுத்தேன். ஆறுவேனா என்கிறது!

போன மூன்று வாரமும் இந்தப் பத்தியில் நான் என்னென்ன எழுதினேன் என்று உங்களுக்கே தெரியும். மிக்ஸி ரிப்பேர்காரரைப் பற்றி எழுதினேன். டவுன் பஸ்ஸில் சில்லறை கேட்டதைப் பற்றி எழுதினேன். கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாவது பாயசம் கேட்கும் மாமாக்களைப் பற்றி எழுதினேன். ஒரு வாசகி, ‘என்ன மேடம், கொஞ்ச நாளாகக் காரம் கம்மியாக இருக்கிறதே?’ என்று கார்டு போட்டிருந்தார். காரத்தை வேறு ஒரு விஷயத்துக்காகச் சேர்த்துவைத்திருந்தேன் அம்மா. இன்றைக்குத் தருகிறேன்.

பெருமாள்புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சபாபதி அண்ணாச்சி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டு. நல்ல மனிதர், யாரிடமும் ஒரு காபி வாங்கிக் குடிக்காதவர். காலையில் குளித்துத் திருநீறு பூசிப் பூஜை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஏழு தலைமுறையாக அவர் வீட்டு அடுக்களைக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. என் பிறந்த வீடும் அப்படித்தான், ஆகவே அதைக் கேலி செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை.

அவருக்கு ஒரே பெண், கோமதி. என்னை அத்தை என்று கூப்பிடுவாள். இந்த வருஷம்தான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தாள். நல்ல மார்க்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். கோமதி தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். அவள் அம்மா அடுக்களையில் இருந்தாள். அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு உதவி செய்ய வேண்டும் என்றார். கோமதி தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறாளாம். அது அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லையாம். ‘அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது, மனதைத் தேற்றிக்கொண்டு பி.எட். சேரு’ என்று நான் பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

எந்த வேலை? அதைச் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் கடல் ஆராய்ச்சி செய்கிற நிலையம் ஒன்று. பெயர் வேண்டாம். தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்திலும் அதை ஒட்டிய கடலிலும் என்னென்ன உயிர் இருக்கிறது, எது குறைகிறது, எது அழிகிறது என்று இரண்டு வருஷம் ஆராயப்போகிறார்கள். அதற்கு ஒரு உதவியாளர் தேவை. பி.எஸ்ஸி. போதும். கோமதி விண்ணப்பம் போட்டாள், இன்டர்வியூ போனாள், தேர்வாகியும் விட்டாள். ‘சேரவேண்டிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று ஒரு கடிதம் வந்தது. அந்தத் தேதிக்காகத்தான் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று உங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும் என்று கேட்டேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு ஃபைலை எடுத்தார். பச்சை நாடா கட்டிய ஃபைல். அதில் ஒரு தாளைத் திருப்பி என் கையில் கொடுத்தார். கார்பன் நகல். அருமையான ஆங்கிலம். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பணியை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன். தங்கள் அன்புக்கு நன்றி. இப்படிக்கு, கோமதி.’

கையெழுத்தும் போட்டிருந்தது. போட்டவர் அண்ணாச்சி.

வாசகர்களே, எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. ஒருவர் பொய்க் கையெழுத்துப் போடுகிறார், சரி. போட்டுவிட்டு அதற்கு ஆபீஸ் காப்பி எடுத்து ஃபைல் பண்ணிவைப்பாரா? தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொடுத்த அத்தாட்சிச் சீட்டைப் பின்னாலேயே குண்டூசியால் குத்திவைப்பாரா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் நகல் இல்லாமல் அவர் ஒரு கடிதம் அனுப்பியதில்லையாம். இதற்கு மட்டும் எப்படி மனசு வரும்?

அவருக்கு அது தப்பு என்றே படவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. பெண்ணுக்கு ஜுரம் வந்தால் லீவ் லெட்டர் எழுதிக்கொடுப்பதில்லையா, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“தங்கச்சி, நீங்களும் சைவ வீடுதானே. அவ அங்கன போய் மீனை அறுத்துட்டு, அந்தக் கையோட இங்கன வந்து வெளக்கு ஏத்துவாளா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு என்ன செய்யுதான்னு கேப்பாங்க. மீன் ஆபீஸ்ல இருக்கான்னு நான் சொல்லணுமா?”

மூன்று வருஷமாக அவள் காலேஜில் அறுத்துக்கொண்டுதானே இருந்தாள் என்றேன். தவளையைக் குடல் குடலாகப் பிரித்து நோட்டில் படம் வரைந்தாளே, அதற்குக் கலர் பென்சில் வாங்கிக்கொடுத்தவரே நீங்கள்தானே!

“தவளை படிப்பு. மீன் சாப்பாடு” என்றார் அண்ணாச்சி.

கவனித்தீர்களா? ஜீவகாருண்யம் இதில் எங்கேயும் இல்லை. தவளைக்கும்தான் உயிர் இருக்கிறது. ஆனால் தவளையை நம் பக்கத்தில் யாரும் குழம்பு வைப்பதில்லை. அதனால் அது சுத்தமான பிராணி, தாராளமாக அறுக்கலாம். மீனைப் பக்கத்துத் தெருவில் சாப்பிடுகிறார்கள். அதனால் அது தீட்டு. அறிவியலை அடுக்களை வாசலில் நிறுத்திச் சோதனை போட்டு அனுப்புகிற ஊர் நம் ஊர்.

இன்னொரு ரகசியம். விலங்கியல் சிலபஸில் சுறா உண்டு. கோமதி சுறாவையும் அறுத்திருக்கிறாள். அவள் அம்மாவுக்குத் தெரியும். ‘அவ அப்பாட்ட தவளைன்னுதான் சொல்லிவெச்சிருக்கேன்’ என்று என்னிடம் முன்பே காதோடு சொன்னாள்.

அண்ணாச்சியின் பூஜை அலமாரியைப் பார்த்தேன். நடுநாயகமாக ஒரு சங்கு. அதில் பொட்டு, பூ எல்லாம் வைத்திருந்தார். சங்கு எங்கே காய்க்கிறது அண்ணாச்சி? பாபநாசம் மலையிலா? கடலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பிராணியின் ஓடு அது. ஒருத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி எடுத்திருக்கிறார். உள்ளே இருந்த சதையை ஒருத்தர் சுரண்டி எறிந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் உங்கள் அலமாரிக்கு வந்தது. உங்கள் வீட்டம்மா காதில் முத்துக் கம்மல். சமையலில் தூத்துக்குடி உப்பு. வருஷத்துக்கு மூன்று தடவை குடும்பத்தோடு போய்த் திருச்செந்தூர் கடலில் முங்கிக் குளிக்கிறீர்கள். கடல் கொடுப்பதெல்லாம் வேண்டும். அதற்குள் என்ன இருக்கிறது என்று நம் பெண் எட்டிப்பார்த்தால் மட்டும் குலம் கெட்டுவிடுமா?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? பாதி சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

நானும் யோக்கியம் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் இதே கோமதி என்னிடம் வந்து, ‘கடல் சம்பந்தமா மேல படிக்கணும் அத்தை’ என்றபோது, நான் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டே, ‘அதெல்லாம் எதுக்குட்டி, பி.எட். முடிச்சா உள்ளூர்லயே இருக்கலாம்லா’ என்று சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள். இன்றைக்குப் பத்தி முழுக்கக் கோபப்படுகிறவளின் அன்றைய லட்சணம் இது.

அதற்கப்புறம் ஒரு பரிகாரம் போல அவளை நானே ஒரு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘மேற்படிப்பு வழிகாட்டி’ என்று பெரிய பேனர் கட்டி ஒரு சங்கத்தார் நடத்தினார்கள். மைக் பிடித்தவர் கரும்பலகையில் டாக்டர், எஞ்சினியர், வங்கி, ஆசிரியர் என்று எழுதினார். கடைசியாகக் கம்ப்யூட்டர் என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். உலகம் அதோடு முடிந்தது.

கோமதி எழுந்து நின்று, கடல் உயிரியல் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டாள். ஐந்நூறு பேர் இருந்த கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மைக் பிடித்தவர் கையமர்த்திவிட்டு, ‘நல்ல கேள்வி. ஆனா நம்ம மாவட்டத்துல கடல் இல்லையேம்மா’ என்றார்.

கடல் இல்லையாமே! மாவட்டத்தைப் பிரித்ததும் தூத்துக்குடியோடு சமுத்திரமே அந்தப் பக்கம் போய்விட்டது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. உவரி எந்த மாவட்டம்? இடிந்தகரை எந்த மாவட்டம்? கூட்டப்புளி? அங்கெல்லாம் ஜனங்கள் எதில் வலை வீசுகிறார்கள், வயக்காட்டிலா? பின்வரிசையிலிருந்து இதை நான் கேட்டுவிட்டேன். அவர் அசரவில்லை. ‘அது அந்தப் பிள்ளைகளுக்கு உள்ள படிப்பும்மா, நமக்கு எதுக்கு?’ என்றார் சாவகாசமாக.

அந்தப் பிள்ளைகள், நமக்கு. இந்த இரண்டு வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோமதியிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்று அண்ணாச்சியிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் அவளை என் வீட்டு மொட்டைமாடிக்குக் கூப்பிட்டுப் பக்குவமே இல்லாமல் உள்ளது உள்ளபடி சொன்னேன். உங்கள் அப்பா உன் கையெழுத்தைப் போட்டு வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டார், நகல் பீரோவில் இருக்கிறது.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. அப்பா எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று கேட்டாள். சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். பதினேழு நாளாகிவிட்டது. நாளைக்குக் காலையில் தூத்துக்குடிக்குக் கூட வருவீர்களா என்று கேட்டாள். அரை நாள் லீவ் போட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வல்லநாடு தாண்டியதும் அவளாகவே பேச ஆரம்பித்தாள். காலேஜில் ஒருமுறை கடற்கரைக்கு அழைத்துப்போனார்களாம். நீர் வற்றிய நேரம். பாறை இடுக்கில் முழங்கால் தண்ணீரில் ஒரு கடல்குதிரை, வாலை ஒரு புல்லில் சுற்றிக்கொண்டு நின்றதாம். அந்தப் புல்வெளி இருக்கிறவரைதான் அது இருக்கும், விசைப்படகு வலை வந்து இழுத்தால் புல்லும் போகும், அதுவும் போகும் என்று பேராசிரியை சொன்னாராம். அன்றைக்கு முடிவு செய்தாளாம் இதுதான் தன் வேலை என்று. இருபது வயதில் எத்தனை பேருக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும்? எனக்கு நாற்பத்தைந்திலும் தெரியவில்லை.

நிலையத்தில் அந்தத் திட்டத்தின் தலைவி ஒரு பெண் விஞ்ஞானி, டாக்டர் பட்டம் வாங்கியவர். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், காலில் ரப்பர் செருப்பு. கோமதியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ‘வேண்டாம்னு எழுதிட்டியேம்மா’ என்றார் வருத்தமாக. வரிசையில் அடுத்து இருந்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர் சேர்ந்து நாலு நாளாகிறது என்றார்.

அதற்குள் ஃபைல் வந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். கோமதியின் விண்ணப்பத்தில் தமிழில் குண்டு குண்டாக ஒரு கையெழுத்து. மறுப்புக் கடிதத்தில் ஆங்கிலத்தில், சாய்வாக, அடியில் ஒரு கோடு இழுத்து, சூப்பிரண்டு கையெழுத்து. எட்டாவது படிக்கிற பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இது நீ போட்ட கையெழுத்தா?”

நான் வாயைத் திறந்தேன். கோமதி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“ஆமா மேடம். நான்தான் போட்டேன்” என்றாள்.

டாக்டர் இன்னொரு தடவை இரண்டு தாள்களையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் ஒன்றும் செய்வதற்கில்லை. அவள் இல்லை என்று சொன்னால் அவர் மேலே எழுதலாம், விசாரிக்கலாம், ஏதாவது வழி பிறந்திருக்கலாம். ஆமாம் என்று சொன்ன பிறகு, வேலையை வேண்டாம் என்றது கோமதி. அவ்வளவுதான். ஃபைலை மூடினார்.

நான் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். என்ன பெண் இவள்!

வாசகர்களே, எனக்கு அடுத்த அடி அங்கேயே காத்திருந்தது. பக்கத்து அறையில் அந்த வேலையில் சேர்ந்த பெண் ட்ரேயில் சிப்பிகளை இனம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஜெசிந்தா. புன்னைக்காயல் பக்கம். அப்பா மீன் பிடிக்கிறவர், அம்மா மீன் கூடை சுமந்து விற்கிறவர். அவர்கள் தெருவிலிருந்து காலேஜ் போன முதல் பெண்ணாம். அவள் மேல் எப்படிக் கோபப்படுவது? ஒரு கெட்ட எண்ணம் எனக்கு வரத்தான் பார்த்தது, அவளுடைய சிரித்த முகத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப் போய்விட்டது.

கோமதி அவளிடம், உங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டாள். ஜெசிந்தா சிரித்தாள்.

“சொல்லாம? மீனைப் பத்திப் படிக்க காலேஜ் எதுக்கு, வீட்டுல இருந்தாலே படிக்கலாமேன்னு ஏசுதாங்க. டீச்சர் வேலைக்குப் போன்னு ஒரே சண்டை.”

மைக் பிடித்த ஐயாவே, கேட்டீர்களா? ‘அந்தப் பிள்ளைகளுக்கு உள்ள படிப்பு’ என்றீர்களே... அந்தப் பிள்ளையையும் யாரும் கூப்பிடவில்லை. ஒரு வீட்டில் மீன் தொடக்கூடாத பொருள். இன்னொரு வீட்டில் மீன் படிக்க வேண்டாத பொருள். இரண்டு வீட்டிலும் தீர்ப்பு ஒன்றுதான்: பி.எட். நடுவில் கிடக்கிறது கடல், கேட்பாரற்று.

டாக்டர் டீ வரவழைத்தார். அதற்குள் எனக்கு வாய் துறுதுறுத்தது, நேரடியாகவே கேட்டேன். உண்மையைச் சொல்லுங்கள், இதைப் படித்தால் பிழைக்க முடியுமா?

அவ்வளவுதான், அவருக்கும் உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. மேலே இரண்டு வருஷம் எம்.எஸ்ஸி. படித்தால் போதுமாம், எத்தனையோ கதவு இருக்கிறதாம். மீன்வளத் துறையில் தேர்வு எழுதலாம். கடற்பூங்காவைக் காக்கிற வனத்துறைக்கு இதைப் படித்த ஆள் வேண்டும், ஆனால் புலி தெரிந்த ஆளைத்தான் கடலுக்கு அனுப்புகிறார்கள். துறைமுகத்துக்குத் தண்ணீரைச் சோதிக்க ஆள் வேண்டும். ஆலைக் கழிவு எங்கே எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். ஊருக்கு ஊர் இறால் பண்ணை வெட்டுகிறார்கள், அந்தத் தண்ணீர் குடிதண்ணீர்க் கிணற்றில் இறங்குகிறதா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கடல்தரைக்கு வரைபடம் போடலாம், நீரோட்டம் அளக்கலாம், ஆராய்ச்சிக் கப்பலில் போகலாம், ஏற்றுமதிக் கம்பெனி லேபில் உட்காரலாம். ஒன்றும் வேண்டாம், காலேஜில் பாடமாவது நடத்தலாம்.

“எங்க கண்ணு முன்னாடியே பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏத்திட்டுப் போறாங்க” என்றார். “எவ்வளவு போச்சு, எவ்வளவு மிச்சம்னு அளந்து வெச்சாத்தானே கோர்ட்டுல பேச முடியும்? அளக்க எனக்கு ரெண்டு பேர் இருக்காங்க.”

இரண்டு பேர். நம் பாளையங்கோட்டையில் மட்டும் எத்தனை காலேஜ்? எத்தனை விலங்கியல் வகுப்பு? தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை காலம் பெருமை அடிக்கிறோம்!

அவர் இன்னொன்றும் சொன்னார். அது என்னை நேராகவே குத்தியது. மழைக்காலம் வந்தால் பேப்பரில் எல்லாரும் எழுதுகிறோமே, ‘தாமிரபரணி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று... இதே பத்தியில் நானும் எழுதியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால்தான் முகத்துவாரத்தில் இறால் குஞ்சு பிழைக்குமாம், நண்டு பிழைக்குமாம், அதை நம்பித்தான் ஜெசிந்தா அப்பா மாதிரி ஆட்கள் வலை எடுத்துக்கொண்டு போகிறார்களாம். வீண் என்று யார் சொன்னது? சீவலப்பேரியில் நெல்லுக்குப் பாய்ந்தால் உபயோகம், புன்னைக்காயலில் மீனுக்குப் பாய்ந்தால் வீணா? நான் எழுதியதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கிளம்பும்போது டாக்டர் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கோமதியிடம் கொடுத்தார். கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழகம், எம்.எஸ்ஸி. கடல் உயிரியல். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை. ஏன்டி அப்படிச் சொன்னாய்? உன் கையெழுத்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...

“சொன்னா அது ஃபைல்ல ஏறிரும் அத்தை. அப்பா கவர்மெண்டு உத்தியோகம். பொய்க் கையெழுத்துன்னு ஒரு காகிதம் கிளம்பிட்டா அப்புறம் யாரு நிறுத்த?” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அவங்க என் வேலையைப் போக்கிட்டாங்க. நானும் அவங்க வேலையைப் போக்கணுமா?”

அப்போதுதான் அழுதாள். வல்லநாட்டிலிருந்து பாளையங்கோட்டை வரை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கண்டக்டர் என்னைப் பார்த்து, ‘துக்க வீடாம்மா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்கு இதுதான் தாங்கவில்லை. தப்புச் செய்தவர் வீட்டில் நிம்மதியாக மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் மானத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு யாருக்கு வந்து சேர்கிறது பாருங்கள். யாருடைய வாழ்க்கையில் அவர் கைவைத்தாரோ, அவளுக்கே! நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிற பாடம் இது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதற்குப் பட்டம் கிடையாது.

அன்று சாயங்காலமே அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரியவைத்தவள் நான்தான். கோமதி உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, கையெழுத்து தன்னுடையது என்று சொல்லிவிட்டாள் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உள்ளே வாங்க தங்கச்சி என்றுகூட அவர் கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று நாள் அந்த வீட்டில் பிரஷர் குக்கர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நாலாம் நாள், கோமதி என்னையும் கூட்டிக்கொண்டு போய் அப்பா முன்னால் நின்றாள். அவர் மேஜையில் அந்த எம்.எஸ்ஸி. படிவத்தை வைத்தாள். எல்லாம் நிரப்பியிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு இடம் மட்டும் காலி. ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.’

“அப்பா, இங்கன கையெழுத்து வேணும். உங்க பேர்ல போடுங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. அவள் அம்மா அடுக்களை நிலையில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அண்ணாச்சி படிவத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒவ்வொரு வரியாக, ஆபீஸில் படிப்பது மாதிரி படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார். பின்கோடில் ஒரு எண் தப்பு என்று சொல்லித் திருத்தினார். ஹாஸ்டலில் சைவச் சாப்பாடு உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். பேனாவைத் திறந்தார். மூடினார், மறுபடியும் திறந்தார். பாவமாகக்கூட இருந்தது, மறுக்கவில்லை. சாய்வாக, ஆங்கிலத்தில், அடியில் ஒரு கோடு இழுத்துத் தன் பெயரைப் போட்டார்.

“நகல் ஒண்ணு எடுத்து வெச்சுக்கோ” என்றார்.

மனம் மாறிவிட்டார் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். அப்படியெல்லாம் ஒரு கையெழுத்தில் மாறுகிறவர்கள் இல்லை நாம். இன்றைக்கும் அவருக்கு மீன் என்றால் மீன்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு ‘பொண்ணு எம்.எஸ்ஸி. படிக்கா’ என்று மட்டும் சொன்னால் போதும், எதில் என்று சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறாராம். பெண் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் போட்ட கையெழுத்து அது. அதுவாவது கிடைத்ததே.

பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. கோமதி தினமும் வாசலில் நிற்கிறாள். தபால்காரரிடம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள் - தன் பெயருக்கு வருகிற கடிதத்தைத் தன் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது. அவர் நல்ல மனிதர். ‘ஏன்’ என்று கேட்கவில்லையாம். இந்த மாதிரி வீடுகள் அவர் லைனில் இன்னும் நாலைந்து இருக்கும் போலிருக்கிறது.

இதை எழுதலாமா கூடாதா என்று கோமதியிடமே கேட்டேன். ஊர் பேசும், தெருவுக்கே தெரிந்துவிடும், யோசித்துச் சொல் என்றேன். ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொன்னாள்.

“எழுதுங்க அத்தை. அப்பா பேரை மாத்திருங்க. என் பேரை அப்படியே போடுங்க.”

ஆகவே, சபாபதி என்பது நான் வைத்த பெயர். கோமதி, கோமதியேதான்.